நகலதிகாரம்: ஒரு தண்ணீர் கேனை முன்வைத்து

பாயிரம்

எங்கள் அலுவலகத்தில் சென்ற மாதம் மின்னஞ்சல் எழுதுவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பதினைந்து, இருபது ஆண்டுகளாக மெயில் எழுதிக் கை காய்த்துப்போன முப்பது பேரை ஏசி அறையில் உட்காரவைத்து, திரையில் ஓடியதை ஒருவர் வரி விடாமல் வாசித்தார். முதல் வரி: "மின்னஞ்சல் என்பது மின்னணு முறையில் அனுப்பப்படும் அஞ்சல் ஆகும்." அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவர்களும் இருந்தார்கள். இரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டில் தயிர்சாதம் போட்ட பிறகு, "கற்றலின் விளைவுகள்" என்ற 84ஆம் பக்கம் திரையில் நின்றபோது, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே இந்த ஆய்வு எனக்குத் தோன்றியது.

கல்லூரியில் தமிழ்த்துறையில் இருக்கும் நண்பனிடம் ஆலோசனை கேட்டேன். "எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு கருதுகோள் வைடா. கடைசில அது சரின்னு நிறுவிடலாம். நிறுவ முடியாததைக் கருதுகோளா எவனும் வைக்கிறதில்ல" என்றான். ஆகவே கருதுகோள்: அலுவலக மின்னஞ்சல் ஒரு செய்தியைத் தெரிவிப்பதற்காக எழுதப்படுவதில்லை; தெரிவித்தாயிற்று என்பதற்குச் சாட்சி சேர்ப்பதற்காக எழுதப்படுகிறது.

முதன்மைத் தரவு: எங்கள் மூன்றாம் மாடியில் தண்ணீர் கேன் தீர்ந்தது பற்றி ஒன்பது நாள் நடந்த மடல் தொடர். நேற்றுவரை கிடைத்துள்ள மடல்கள் 43. துணைமைத் தரவு: அலுவலக அறிஞர்கள் தேநீர் நேரத்தில் சொன்னவை. அவற்றுக்குப் பக்க எண் இல்லாததால் வடை எண் தரப்பட்டுள்ளது.

மின்னஞ்சல்களை ஐந்திணைக்குப் பொருத்திக் காட்டலாமே என்றும் நண்பன் சொன்னான். குறிஞ்சி முதல் பாலை வரை பொருத்திப் பார்க்காத பொருள் ஆய்வேடுகளில் இனி மிச்சமில்லை என்பதால் விட்டுவிட்டேன். வாட்ஸாப் குழுக்கள் ஆய்வு எல்லைக்கு வெளியே. எனக்குக் குடும்பம் இருக்கிறது.

எழுத்ததிகாரம்

தமிழில் மடல் எழுதினால் யூனிகோடில் எழுதுக. பாமினியில் அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று போய் இறங்கும்.

சொல்லதிகாரம்

"நோட்டட்" என்றால் படிக்கவில்லை. "வில் கெட் பேக்" என்றால் வரமாட்டார். "ஜென்டில் ரிமைண்டர்" என்பதில் உள்ள "ஜென்டில்", நல்ல பாம்பு என்பதில் உள்ள "நல்ல" போன்றது.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் தொடர் ஒன்று நம் அரசு அலுவலகங்களில் பிறந்தது: "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." கேட்பவர் யார், தெரியாது. செய்ய வேண்டியவர் யார், தெரியாது. ஆவது எது என்பது இருவருக்குமே தெரியாது. எழுவாயும் செயப்படுபொருளும் இல்லாமல் இவ்வளவு கம்பீரமாக நிற்கிற வாக்கியம் வேறு மொழியில் உண்டா என்று மொழியியலார் ஆராய வேண்டும். எங்கள் தண்ணீர் கேன் தொடரின் முதல் மடலும் இதே தொடரில்தான் முடிகிறது.

பொருளதிகாரம்

எழுத்தும் சொல்லும் கிடைத்தன, பொருள்தான் கிடைக்கவில்லை என்ற கவலை தமிழனுக்குப் புதிதன்று. இறையனார் களவியல் உரை சொல்லும் கதை அதுவே. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். மழை பெய்து நாடு நாடான பிறகு, கலைந்துபோன புலவர்களை அரசன் தேடி அழைத்துவரச் சொன்னான். எழுத்து வல்லவர் வந்தார்; சொல் வல்லவர் வந்தார்; யாப்பு வல்லவரும் வந்தார். பொருள் வல்லவர் மட்டும் எங்கும் இல்லை. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வதே பொருளுக்காகத்தானே என்று அரசன் கலங்க, மதுரை ஆலவாயில் இறைவனே 60 நூற்பாவைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழ் இட்டுவைத்தான் என்பது கதை.

என் இன்பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பாண்டியனின் நினைவு வரும். எழுத்து இருக்கிறது, சொல் ஏராளமாக இருக்கிறது, பொருள் என்ற கட்டம் காலி. காலியாக இல்லாத இடத்தில் "ஹாய்" என்றிருக்கும். அல்லது "அர்ஜென்ட்." என்ன அர்ஜென்ட், எதற்கு அர்ஜென்ட் என்பது உரையாசிரியர் வந்து விளக்க வேண்டிய இடம்.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது என்பதுதான் கொடுமை. மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுக்கும் ஆவணம் ஆர்எஃப்சி 5322, 2008இல் வந்தது. மின்னஞ்சலுக்குத் தொல்காப்பியம் என்றே அதைச் சொல்லலாம். அதன்படி மடலின் தலைப்பகுதியில் கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டே: அனுப்பிய நாள், அனுப்பியவர் முகவரி. பொருள் கட்டாயமில்லை. ஆக "ஹாய்" என்று எழுதுகிறவர் விதிக்கு மேலேயே ஒரு சொல் தருகிறார்.

பொருள் வரி எழுதத் தெரிந்த ஒரே இனம் அரசு அலுவலக எழுத்தர்கள். "பொருள்: நிலம் – இன்ன வட்டம் – இன்ன கிராமம் – பட்டா மாறுதல் – தொடர்பாக" என்று பெரியதில் தொடங்கிச் சிறியதில் இறங்கி, என்ன வேலை என்பதில் நிற்கும். அதற்குக் கீழே "பார்வை" என்று போட்டு முந்தைய கடிதத்தின் எண்ணும் நாளும் இருக்கும். ஐந்து வருடம் கழித்துத் தூசி தட்டி எடுத்தாலும் ஒரு வரியில் விஷயம் பிடிபடும். மின்னஞ்சலில் இதைச் செய்து பாருங்கள்: "தண்ணீர் கேன் – மூன்றாம் மாடி – இன்று 11 மணிக்குள் மாற்ற வேண்டும்." மடலைத் திறக்க வேண்டிய தேவையே போய்விடும். தேடும்போதும் கிடைக்கும். பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவினால் பொருள் வரியையும் மாற்றிப் புது மடல் தொடங்குங்கள். எங்கள் தொடரில் 20ஆம் மடலுக்கு மேல் பொங்கல் விடுமுறை பற்றிப் பேசியிருக்கிறார்கள். தலைப்பில் இன்னமும் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த 60 நூற்பாவின் கதையை முடித்துவிடுகிறேன், ஆய்வாளர்களுக்கு உதவும். ஆளாளுக்கு உரை எழுதினார்கள். எது மெய்யுரை என்று தீர்க்க உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்தார்கள். வாய் பேசாத பிள்ளை. எல்லா உரைகளையும் கேட்டது. நக்கீரர் உரையைக் கேட்டபோது கண்ணீர் விட்டது, மெய்சிலிர்த்தது. ஒரு மதிப்பீட்டாளர் எதிரில் இருந்த கட்டுரையைக் கடைசிவரை கவனித்ததற்கு நம்மிடம் உள்ள பழைய சான்று இது. புதிய சான்று எதுவும் என் பார்வைக்கு வரவில்லை.

நகலதிகாரம்

தொல்காப்பியம் மூன்று அதிகாரத்தோடு நின்றுவிட்டது. அக்காலத்தில் மேலாளர்கள் இல்லாமையே காரணம் என்பர் மூன்றாம் மாடியார் (மூன்றாம் மாடி உரை, தேநீர் 1). நான்காவதை நான் எழுதுகிறேன். நூற்பா:

பெறுநர் ஒருவர்; பெறாஅர் பலரே;
மறைநகல் உற்றார் மறைந்திருந் தோரே.

நூற்பா என்னுடையது. உரையும் என்னுடையது. உரைக்கு மறுப்பும் நானே எழுதி, மறுப்புக்கு மறுப்பில் என் உரையை மேற்கோள் காட்டுவதாக இருக்கிறேன். தன்னைத் தானே எத்தனை முறை மேற்கோள் காட்டினோம் என்பதை வைத்துப் பதவி உயர்வு வாங்கியவர்கள் இருக்கும்போது எனக்கு மட்டும் என்ன கூச்சம்.

முதலில் வரலாறு. சிசி என்பது கார்பன் காப்பி என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் ரால்ஃப் வெட்ஜ்வுட் 1806இல் கார்பன் தாளுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்கள் வெள்ளைத் தாள், கார்பன், வெள்ளைத் தாள், கார்பன் என்று அடுக்கி, ஓரம் தட்டிச் சமமாக்கி, உருளையில் சொருகி அடித்த காலம் வந்தது. கார்பன் தாளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அதற்குச் சோர்வு தெரியும். மூன்றாவது நகல் மங்கும். ஐந்தாவது ஆவிபோல் இருக்கும். ஆறாவது வேண்டுமென்றால் விரலால் ஓங்கிக் குத்த வேண்டும். ஓர் எழுத்து பிழைத்தால் எல்லா நகலையும் பிரித்துத் தனித்தனியே அழிக்க வேண்டும். எனவே நகல் யாருக்கு அவசியமோ அவருக்கு மட்டும் போனது. கார்பன் தாள் போனது, பெயர் மட்டும் நின்றது. இப்போது ஐந்நூறாவது நகலும் முதல் நகலைப் போலவே பளிச்சென்று இருக்கிறது. யாருக்கும் விரல் வலிப்பதில்லை.

இனி இலக்கணம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வேற்றுமைக்கு மட்டும் மூன்று இயல்களை ஒதுக்குகிறது. வேற்றுமை எட்டு. அவற்றுள் நான்காவது "கு", கொள்பவரைக் குறிப்பது. மின்னஞ்சலில் "டு" என்ற கட்டம் அதுவே. மூன்றாவது "ஒடு", உடன் நிகழ்வதைக் குறிப்பது. சிசி என்பது அதுதான். பிசிசி என்பது வேற்றுமைத்தொகை. "மதுரை சென்றான்" என்பதில் "கு" இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியே ஒருவர் உள்ளே இருக்கிறார், கண்ணுக்குத் தெரியவில்லை.

இதில் நான் மெய்சிலிர்த்த இடம் ஒன்று உண்டு. இருவர் ஒரே வினையைச் செய்யும்போது "ஒடு" யாரோடு சேரும்? உயர்ந்தவரோடுதான் சேரும் என்கிறது தொல்காப்பியம். அமைச்சரொடு அலுவலர் வந்தார் என்போம். அலுவலரொடு அமைச்சர் வந்தார் என்று எவரும் வாய் தவறியும் சொல்வதில்லை. சிசியின் ஒரே விதி இதுதானே! கீழே உள்ளவரை நகலில் சேர்த்து யாராவது மடல் அனுப்பி நீங்கள் பார்த்ததுண்டா? "ஒடு" எப்போதும் மேல் நோக்கியே ஒட்டும். இந்த விதி வரும் இயலுக்குப் பெயர் வேற்றுமை மயங்கியல். "டு"வில் போட வேண்டியவரைச் சிசியில் போட்டு மயங்குகிறவர்களை ஆசிரியர் அன்றே எதிர்பார்த்திருக்கிறார். தொல்காப்பியருக்கு மின்னஞ்சல் தெரிந்திருந்தது என்று இதைக்கொண்டு நிறுவலாம். இதைவிட மெல்லிய சான்றை வைத்து இதைவிடப் பெரிய விஷயங்களை நிறுவியவர்கள் மேடைகளில் பொன்னாடையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தரவுக்கு வருவோம். முதல் மடல் காலை 9.14க்கு வந்தது. "மூன்றாம் மாடி பேன்ட்ரியில் தண்ணீர் கேன் காலியாக உள்ளது. ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." நிர்வாகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் எழுதியது. "டு"வில் ஹவுஸ்கீப்பிங் குழு முகவரி. விசாரித்ததில் அந்தக் குழுவில் இருந்த ஒரே ஆள் போன தீபாவளிக்கே வேலையை விட்டுப் போய்விட்டார் என்று தெரிந்தது. அதாவது நான்காம் வேற்றுமையில் ஆளே இல்லை. மூன்றாம் வேற்றுமையில் ஆறு பேர்.

அந்த ஆறு பேரின் வரிசை ஆராயத்தக்கது. பதவி வரிசையில் இருக்கிறது. இருவர் ஒரே பதவி; அவர்களில் முன்னால் சேர்ந்தவர் முன்னால். ஒருமுறை வரிசை மாறிப்போய், "என்னப்பா, என்னை அவருக்குக் கீழ போட்டுட்ட?" என்று ஒருவர் கேட்டு, அதற்கு விளக்கம் எழுதி, அந்த விளக்கத்தில் மறுபடி வரிசை மாறிய வரலாறு எங்கள் அலுவலகத்துக்கு உண்டு (மூன்றாம் மாடி உரை, தேநீர் 2, வடை 1). நகல் வரிசையை அகரவரிசையில் போட்டால் இந்தச் சிக்கல் வராது என்பது நான்காம் மாடியார் கொள்கை. அது பொருந்தாது என்பர் மூன்றாம் மாடியார். மேலாளர் பெயர் "வே"யில் தொடங்குவதால் (நான்காம் மாடி மரபு, லிஃப்ட் பதிப்பு, இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே, கதவு திறக்கும் முன்).

ஐந்தாம் மடலில் கணக்குப் பிரிவு மேடம் வந்தார்: போன மாதக் கேன் பில்லுக்கு ஒப்புதல் நிலுவை. ஒப்புதல் தர வேண்டியவர் நகலில் சேர்க்கப்பட்டார். பதினோராம் மடலில் கேன் 20 லிட்டரா 25 லிட்டரா என்ற பாடபேதம் எழுந்தது. இதற்கு மட்டும் நான்கு மடல். பதினேழில் ஒருவர் "லூப்பிங் இன்" என்று சொல்லி மும்பையைச் சேர்த்தார். மும்பையில் உள்ளவருக்குச் சென்னைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பேன்ட்ரி இருப்பதே அன்றுதான் தெரியும். பதினெட்டில் மும்பை "ப்ளீஸ் டிஸ்கஸ் ஆஃப்லைன்" என்றது. பத்தொன்பதில் ஐந்து பேர், ஆஃப்லைனில் பேசலாம் என்பதை ஆன்லைனில் ஆமோதித்தார்கள். (ஐந்தும் தனித்தனி மடல்கள்தாம், எண்ணிக்கை கெடக் கூடாது என்பதற்காக 19அ, 19ஆ, 19இ, 19ஈ, 19உ என்று பகுத்திருக்கிறேன். பதிப்பாசிரியனுக்கு இந்த உரிமை உண்டு.) 26ஆம் மடலில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார், இடைச்செருகல் என்று ஒதுக்கலாம், ஆனால் நடை மூல ஆசிரியரின் நடைதான் என்பாரும் உளர் (மாடிப்படிப் பதிப்பு, மூன்றாம் திருப்பம், செல்போன் சிக்னல் போகும் இடம், இதை மறுத்தவர்: புகைபிடிப்போர் முற்றம், தேநீர் 3, வடை 2, முதல் கடி, மறுப்பை மறுத்தவர் பின்னர் தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்று தனிப்பேச்சில் தெரிவித்தார், வடை அப்போது தீர்ந்திருந்தது). 31ஆம் மடலோடு ஓர் எக்செல் படிவம் வந்தது: கேன் தீர்ந்ததற்கு மூல காரணம் என்ன, நிரப்புக. நிரப்பியவர் எழுதியிருந்தது: "குடித்தார்கள்."

இதற்கிடையே ஒன்பது நாளும் நாங்கள் எல்லோரும் அந்தக் கேனிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்தோம்.

பிசிசி பற்றி: நூறு பேருக்கு அழைப்பு அனுப்பும்போது ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் இருக்க அதைப் பயன்படுத்துங்கள், அது நாகரிகம். ஒருவரைத் திட்டி எழுதிவிட்டு அவருடைய மேலதிகாரியை அதில் ஒளித்துவைக்காதீர்கள். அந்த மேலதிகாரி ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் "ரிப்ளை ஆல்" அழுத்துவார். தொகை விரியும்.

மயங்கொலி: ரிப்ளை, ரிப்ளை ஆல்

இரண்டு பொத்தான்களும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. ல, ள மயக்கத்துக்குப் பள்ளியில் மதிப்பெண் போகும். இதற்கு வேலை போகும்.

1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்டுக்குள்ளேயே இது நடந்தது. பெட்லம் டிஎல்3 என்ற பட்டியலில் சுமார் 13,000 பேர். ஒருவர், நான் ஏன் இதில் இருக்கிறேன், என்னை நீக்குங்கள் என்று எல்லோருக்கும் எழுதினார். "என்னையும்" என்று பலர் எல்லோருக்கும் எழுதினார்கள். எல்லோருக்கும் எழுதாதீர்கள் என்று இன்னும் பலர் எல்லோருக்கும் எழுதினார்கள். ஒன்றரைக் கோடி மடல்கள். மென்பொருளை எழுதியவர்களே அதில் மூழ்கினார்கள் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதல். 2020 மே மாதத்தில் அதே நிறுவனம் இதற்கொரு தடுப்பணை கட்டியது: 5,000 பேருக்கு மேல் உள்ள தொடரில் ஒரு மணி நேரத்துக்குள் பத்து ரிப்ளை ஆல் வந்தால், அடுத்த நான்கு மணி நேரம் யாரும் அதில் எல்லோருக்கும் பதில் போட முடியாது. எங்கள் அலுவலகத்தில் 5,000 பேர் இல்லாதது எங்கள் துரதிர்ஷ்டம்.

மீட்பியல்

அனுப்பிய மடலைத் திரும்பப் பெறலாம் என்று அவுட்லுக்கில் ஒரு வசதி இருக்கிறது: ரீகால். அதன் பழைய வடிவம் ஒரே நிறுவனத்துக்குள், அதுவும் எதிராளி திறந்து பார்ப்பதற்குள் வேலை செய்யும் என்று எழுதியிருந்தது. நடைமுறையில், "இன்னார் இந்த மடலைத் திரும்பப் பெற விரும்புகிறார்" என்று ஓர் அறிவிப்பு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அதுவரை படிக்காதவர்களும் அப்போதுதான் தேடி எடுத்துப் படித்தார்கள். வாய் விட்ட சொல்லைப் பிடிக்கப்போய், ஊர்கூட்டித் தமுக்கடித்த கதை.

எனக்கு நேர்ந்தது. சம்பள உயர்வுப் பட்டியலைப் பற்றி நண்பனுக்கு எழுதிய இரண்டு வரியைப் பிரிவு முழுமைக்கும் அனுப்பிவிட்டு ரீகால் செய்தேன். அரைமணியில் என் மேசைக்கு ஒன்பது பேர் வந்து, "என்ன சார், எதோ ரீகால் பண்ணீங்களாமே?" என்று கேட்டார்கள். இரண்டு பேர் ஸ்கிரீன்ஷாட்டோடு வந்தார்கள்.

இதில் உருப்படியான வழிகள் சில உண்டு, ஆய்வை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன். ஜிமெயிலில் செட்டிங்ஸில் "அன்டூ சென்ட்" நேரத்தை 30 நொடிக்கு மாற்றிவையுங்கள். தொடக்கத்தில் 5 நொடிதான் இருக்கும், நாக்கைக் கடித்துக்கொள்ளவே அது போதாது. அவுட்லுக்கின் பழைய மேசைக்கணினிப் பதிப்பில் விதி ஒன்றை அமைத்து, நீங்கள் அனுப்பும் எல்லா மடலும் இரண்டு நிமிடம் தாமதமாகப் போகும்படி செய்யலாம். கோபக்காரர்கள் அதை 120 நிமிடம் வரை நீட்டலாம். எல்லாவற்றையும்விடச் சிறந்தது: இணைப்பை முதலில் சேருங்கள், மடலைப் பிறகு எழுதுங்கள், பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுங்கள். முகவரி இல்லாத மடல் கை தவறினாலும் போகாது.

எச்சவியல்

தொல்காப்பியர் எதிலும் அடங்காதவற்றை எச்சவியலில் போட்டார். நானும்.

எக்செல்லில் செல்களை மெர்ஜ் செய்யாதீர்கள்.

ஊழியர் எண் 007 என்று அடித்தால் எக்செல் 7 என்று ஆக்கும். முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் சும்மா இருக்கும். இதை அறியாத மரபணு ஆய்வாளர்கள் பட்டபாடு பெரிது. மார்ச் 1, செப்ட் 1 என்று அவர்கள் சுருக்கப் பெயர் வைத்த மரபணுக்களை எக்செல் தேதி என்று எண்ணி மாற்றிக்கொண்டே இருந்தது. 2020இல் அறிஞர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மரபணுக்களின் பெயரை மாற்றிவிட்டார்கள். அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை எக்செல் 2023இல் தந்தது. பொறுத்தவர் பூமி ஆள்வார். பொறுக்காதவர் பெயர் மாற்றுவார்.

பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் சேமிக்காதீர்கள். 65,536 வரிசையோடு நின்றுவிடும். 2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகள் அன்றாடக் கணக்கில் வராமல் விடுபட்டது இப்படித்தான். இன்றைய வடிவில் 10,48,576 வரிசைகள் உண்டு.

கோப்புகளுக்குப் பெயரிடுதல்: "அறிக்கை இறுதி", "அறிக்கை இறுதி 2", "அறிக்கை இறுதி சார் பார்த்தது", "அறிக்கை இறுதி சார் பார்த்தது பழையதே போதும்." உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடி, ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அந்த மனிதரால்கூட எங்கள் பகிர்வுக் கோப்புறையில் மூலபாடம் எது என்று சொல்ல முடியாது. பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போடுங்கள். தானே வரிசையில் நிற்கும்.

விடுப்பில் போகும்போது வைக்கும் தானியங்கிப் பதிலில், உங்களுக்குப் பதிலாக யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். அவரிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

பக்கத்து மேசைக்காரருக்கு மெயில் அனுப்பாதீர்கள் என்று எழுத நினைத்தேன். வரலாறு எனக்கு எதிராக இருக்கிறது. 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு முதல் வலைப்பின்னல் மின்னஞ்சலை அனுப்பியபோது, இரண்டு கணினிகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. என்ன அனுப்பினோம் என்பது பிற்பாடு அவருக்கே நினைவில்லை. மரபு அன்றே தொடங்கிவிட்டது.

களஆய்வு

நேர்காணல் இல்லாத ஆய்வேட்டை ஏற்றுக்கொள்ளமாட்டார்கள் என்று நண்பன் சொன்னதால், நேற்றுச் சாயங்காலம் ஹவுஸ்கீப்பிங் அக்காவைத் தேடிப் போனேன். பேன்ட்ரியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நாளைச் சொல்லி, கேனை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"அன்னைக்கா? ஒம்போது அஞ்சுக்கே மாத்திட்டேனே சார். புதுசா வந்த தம்பி எதிர்லதான் உக்காந்து டைப் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. ஒரு பேர அடிக்கும், அழிக்கும், மறுபடி மேல போடும். என்னமோ பெரிய வேலைன்னு நான் கூப்பிடல."

முதல் மடல் போனது 9.14க்கு.

அக்காவுக்கு அலுவலக மின்னஞ்சல் முகவரி கிடையாது. இதைத் தொடரில் எழுதிவிடலாமா என்று யோசித்து, எழுதி, நகலில் யார் யாரைப் போடுவது என்று பத்து நிமிடம் பார்த்துவிட்டு, அழித்துவிட்டேன். 44ஆம் மடல் இன்று காலை வந்திருக்கிறது. கேன் வந்துவிட்டதா என்று மும்பை கேட்கிறது.